பிறநாட்டார்க்குத் திருகோணமலையை எடுத்துரைத்தல்

இங்கிலாந்து தேசத்தின் வடகிழக்குக் கரையிலே ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கே பழைய பாய்க்கப்பல் ஒன்று நூதனசாலையாகப் பேணப்பட்டு வருகின்றது. பம்பாயிலே, வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தாரின் கப்பல் கட்டுந் துறையிலே, தேக்குமரத்தாற் செய்யப்பெற்று, 1817 ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பெற்ற போர்க்கப்பல் அது. அதன் பெயர் 'திருகோணமலை'. 1782 ஆம் ஆண்டு நம் துறைமுகத்தின் அருகே நிகழ்ந்த கடற்போரின் நினைவாக ஆங்கிலக் கடற்படையார் அப்பெயரை அதற்கு இட்டனர். அக்கப்பலைக் காணச் செல்வோர் அதன் பீரங்கிகளைக் காண்பர். மாலுமிகள் துயின்ற தூங்குமஞ்சங்களைக் காண்பர். பாய்மரங்களை அண்ணாந்து நோக்குவர். ஆனால் அந்தப் பெயரைத் தந்த ஊர் எத்தகையது, அங்கே வாழ்ந்தோர் யாவர், அவர்கள் எதைப் போற்றினர், எதை இழந்தனர் என்பவற்றை அக்கப்பல் அவர்களுக்குச் சொல்லாது. கப்பலின் மேலே பெயர் இருக்கின்றது, ஊர் இல்லை.

நானூறு ஆண்டுகளாக உலகம் திருகோணமலையின் துறைமுகத்தை நன்கு அறிந்திருக்கின்றது. திருகோணமலை என்னும் ஊரையோ அவ்வளவாக அறிந்திலது. இது நேர்ந்தமைக்குக் காரணம் யாது, இனி நம் ஊரின் வரலாற்றையும் பண்பாட்டையும் பிறநாட்டார்க்கு எவ்வாறு எடுத்துரைத்தல் தகும் என்பவற்றைச் சிந்திப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் துறைமுகத்தின் பெருமையை நோக்குவோம். சோழமண்டலக் கரை என வழங்கும் தமிழ்நாட்டின் கீழ்க்கரையிலே நாகபட்டினம், புதுச்சேரி, சென்னை முதலிய பட்டினங்கள் உள. ஆயினும், பாய்க்கப்பல் ஓடிய காலத்திலே, ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்று மூண்டெழும்போது பெருங் கப்பல்கள் அஞ்சாது ஒதுங்கத்தக்க இயற்கைத் துறை அக்கரையில் இருந்ததில்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் புயலிற் சிக்கிச் சிதைந்தன. திருகோணமலையின் இயல்பு வேறு. மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவின் வடபாலிலே, குன்றுகளும் முனைகளும் சூழ்ந்து காவல்நிற்க, ஆழமான உட்கடல் ஒன்று அமைந்துள்ளது. எக்காற்றுக்கும் அஞ்சாது பெருங் கப்பல்கள் அங்கே தங்கலாம். வங்கக் கடலை ஆள விரும்பிய கடற்படை ஒவ்வொன்றும் இத்துறையை நாடியமைக்குக் காரணம் இதுவே.

ஆகவே போர்த்துக்கேயர் வந்தனர். 1639 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் அவர்களை வென்றனர். 1782 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றினர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே சுப்ரேன் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தான். ஓராண்டினுள்ளே ஒரே கொடிமரத்தில் மூன்று நாட்டுக் கொடிகள் ஏறி இறங்கின. பின்னர் அது ஒல்லாந்தரிடம் மீண்டது. 1795 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் மறுபடியும் கைப்பற்றி, 1957 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைக்கும்வரை அதனை விட்டாரல்லர்.

இவ்வாறு வந்தோர் அனைவரும் திருகோணமலையைப் பற்றித் தத்தம் நாட்டார்க்கு எழுதினர். அவர்கள் எழுதியதே உலகம் அறிந்த திருகோணமலையாயிற்று. ஆனால் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதையே கண்டனர்.

போர்த்துக்கேயரை எடுத்துக்கொள்வோம். 1624 ஆம் ஆண்டை ஒட்டி, கொன்ஸ்தந்தீனு த சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி சுவாமி மலையின் மேலிருந்த கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினான். இணைக்கயல் பொறித்த கல்லும் தமிழ் எழுத்துக்கள் பொறித்த கல்லும் இன்றும் கோட்டை வாயிலிலே காணப்படுகின்றன. வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இடிக்கப்பட்ட அவ்வாலயத்தைப் பற்றிய படமும், அங்கிருந்த கல்வெட்டின் படியும் போர்த்துக்கல் நாட்டுக்கு அனுப்பப்பெற்று லிஸ்பன் நகரிலே பேணப்பட்டன. பின்னர் குவேறோஸ் என்னும் யேசுசபைத் துறவி, கோவாவிலிருந்து எழுதிய பெரிய நூலிலே, இம்மலைமேல் இருந்த கோயில்களையும், அவற்றை நாடி வந்த யாத்திரிகர் பெருங்கூட்டத்தையும் குறித்து, கத்தோலிக்கர்க்கு உரோமாபுரி எத்தகையதோ அத்தகைய இடம் கீழைத்தேசத்தார்க்கு இது என்ற கருத்துப்பட எழுதினார். நம் ஆலயத்தின் பழைய மாட்சியை மேனாட்டார்க்கு முதலில் எடுத்துரைத்தோர், அதனை இடித்தவரும் அவரைச் சார்ந்தவருமே ஆவர். உள்ளூரில் ஓலைகளிலும் வழிபாட்டிலும் வாழ்ந்த நினைவு கடல் கடந்து செல்லவில்லை. இடித்தவர் ஏடு சென்றது.

அடுத்து வருபவர் றொபேட் நொக்ஸ். 1659 ஆம் ஆண்டு, 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புயலிலே முறிந்த பாய்மரத்தை மாற்றுவதற்காகக் கொட்டியாரத்துறையை அடைந்தது. கண்டி மன்னனின் ஆட்கள் கப்பற்றலைவனையும், அவன் மகனாகிய இளம் நொக்ஸையும், மாலுமிகள் சிலரையும் 1660 ஆம் ஆண்டு சிறைப்பிடித்தனர். தந்தை சிறையிலே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டிலே வாழ்ந்து, 1679 ஆம் ஆண்டு தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல் விரைவிலே வேறு ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. இலங்கையைப் பற்றி மேனாட்டார் நெடுங்காலம் அறிந்தவற்றுட் பெரும்பாலன அந்நூலால் அறியப்பட்டனவே. அந்நூலின் கதை தொடங்குவது நம் குடாவிலே. மூதூரிலே 'வெள்ளைக்காரன் மரம்' என்று மக்கள் காட்டிய புளியமரம் அதற்குச் சான்றாயிருந்தது. ஆயினும் நூலின் பொருள் கண்டி நாடேயன்றித் திருகோணமலையன்று. கரையிலே பிடிபட்டவர் மலைநாட்டைக் கண்டார், கண்டதை எழுதினார். அதற்காக அவரைக் குறைகூறுதல் ஆகாது. அவர் அறியாத பகுதியை எழுதவேண்டியவர் வேறு யாவரோ அவரே எழுதாதிருந்தனர் என்பதே நாம் எண்ணவேண்டுவது.

அதன் பின்னர் வந்த ஆங்கிலக் கடற்படையார்க்குத் திருகோணமலை என்பது ஆழம் அளந்து குறித்த கடற்படம். நன்னீர் கிடைக்கும் துறை. நோயாளரை இறக்கும் மருத்துவமனை. இறந்தோரைப் புதைக்கும் இடம். ஜேன் ஒஸ்ரின் என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியரின் தம்பி சாள்ஸ் ஒஸ்ரின் கடற்படைத் தளபதியாயிருந்து, 1852 ஆம் ஆண்டு பர்மியப் போரின்போது இறந்தார். அவருடைய கல்லறை திருகோணமலையிலேயே உள்ளது. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேற் குண்டு வீசியபோது உலகச் செய்தித்தாள்களெல்லாம் திருகோணமலையின் பெயரை அச்சிட்டன. சீனன்குடாப் பக்கத்திலே காட்டினுள் நிற்கும் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் அக்காலக் கடற்படையின் தேவைக்காக எழுந்தவை. இன்றும் வெளிநாட்டுப் பத்திரிகைகள் நம் ஊரைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் அத்தாங்கிகளைப் பற்றியே எழுதுகின்றன. கடலிலிருந்து நோக்குவோர்க்குக் கரை ஒரு கோடாகவே தெரியும். அக்கோட்டுக்கு அப்பால் உள்ளதைச் சொல்ல, கரையில் நிற்பவனே வேண்டும்.

அப்பால் உள்ளது யாது? சிலவற்றை மாத்திரம் கூறுவேன். கடலுக்கு மேலே செங்குத்தாய் நிற்கும் சுவாமி மலையில் கோணேசர் வீற்றிருக்கின்றார். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தின்மேற் பதிகம் பாடினார். பிற்காலத்தில் அருணகிரிநாதரும் பாடினார். வடக்கே திரியாயிலே, குன்றின்மேல், பௌத்த தூபி ஒன்று உள்ளது. தபுஸ்ஸன், பல்லுகன் என்னும் இரு வணிகரோடு அதனைத் தொடர்புபடுத்தும் வடமொழிக் கல்வெட்டு அங்கே பாறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. எனவே கடல்வழி வந்த வணிகரை நினைவுகூரும் புண்ணியத் தலமாக அது விளங்கியது. தெற்கிலும் மேற்கிலும் கந்தளாய்க் குளமும், தம்பலகாமத்து வயல்களும், அங்குள்ள ஆதிகோணேசர் ஆலயமும் உள. மலைமேற் கோயில் இடிந்தபின் வழிபாடு அழியாது தொடர்ந்தமைக்கு அத்தம்பலகாமமே சான்று. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள. இறந்தோர்க்குச் செய்யுங் கடன்களை அங்கே செய்வது வழக்கம். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் மக்கள் கடலையும் வயலையும் ஒருங்கே நம்பி வாழ்கின்றனர். பாலையூற்றிலே பறங்கியர் குடும்பங்கள் வாழ்கின்றன. கொட்டியாரப் பற்றின் தென்கரையோரமாக, வேடர் வழிவந்தோர் தமிழ் பேசி வாழ்கின்றனர். இத்தனையும் ஒரு துறைமுகத்தைச் சூழ்ந்தே அமைந்துள்ளன.

இவற்றைப் பிறநாட்டார்க்கு எவ்வாறு எடுத்துரைப்பது? இத்தகைய பணியை நன்கு செய்தோர் வேறு நாடுகளிலும் உளர். அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன்.

கருங்கடலின் கீழ்க்கரையிலே, கோக்கேசிய மலைகளின் அடியிலே, ஜோர்ஜியா என்னும் சிறிய நாடு உளது. அம்மக்களுக்குத் தனிமொழி உண்டு, தனியெழுத்தும் உண்டு. ஏறக்குறைய 1200 ஆம் ஆண்டளவிலே, தாமார் என்னும் அரசியின் காலத்திலே, ருஸ்தவேலி என்ற புலவர் புலித்தோல் போர்த்த வீரன் ஒருவனைத் தலைவனாகக்கொண்டு பெருங்காப்பியம் ஒன்று பாடினார். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே மேனாட்டு வணிகர் அந்நாட்டை எதனால் அறிந்தனர்? பாக்கு நகரத்து எண்ணெய் கப்பலேறும் பாட்டுமித் துறைமுகத்தினால் அறிந்தனர். நம் கதையும் அவர்கள் கதையும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

அக்காலத்திலே மார்ஜரி வார்ட்ரொப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, நூல்களின் துணைகொண்டு ஜோர்ஜிய மொழியைத் தாமே கற்றார். 1894 ஆம் ஆண்டு அந்நாட்டுக்குச் சென்றார். அக்காப்பியத்தை ஆங்கில உரைநடையிற் பெயர்க்கும் பணியிலே ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டார். 1909 ஆம் ஆண்டு அவர் இறந்தார். 1912 ஆம் ஆண்டிலேதான், அவருடைய தமையனார் ஒலிவர் வார்ட்ரொப்பின் முயற்சியால், நூல் வெளிவந்தது. அவர்கள் தேடித் தொகுத்த ஜோர்ஜிய ஏடுகளும் நூல்களும் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து நூல்நிலையத்தைச் சேர்ந்தன. எண்ணெய்த் துறையாக அறியப்பட்ட ஒரு நாடு, காப்பியமுடைய நாடாக ஆங்கிலம் படிப்போர்க்கு அறிமுகமாயிற்று. அவர் செய்தது யாது? அந்நாட்டைப் புகழவில்லை. அந்நாட்டார் மொழியைக் கற்று, அவர்கள் போற்றிய நூலை அவர்கள் போற்றிய முறையிலேயே பிறர்க்கு எடுத்துச் சென்றார்.

நம்மவரும் இப்பணியைச் செய்திருக்கின்றனர். கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள், 1917 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நுண்கலைக் கூடத்திலே பணியாற்றினார். நடராச வடிவத்தை விநோதப் பொருளாகவே நோக்கிய மேனாட்டார்க்கு, அவ்வடிவத்தினுள் அமைந்த தத்துவத்தை அவர் விளக்கினார். வண. தனிநாயகம் அடிகள் 1952 ஆம் ஆண்டு 'தமிழ்ப் பண்பாடு' என்னும் பொருள்பட ஆங்கில முத்திங்கள் ஏடு ஒன்றைத் தொடங்கினார். 1964 ஆம் ஆண்டு புதுதில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கும், 1966 ஆம் ஆண்டு கோலாலம்பூரிலே அதன் முதல் மாநாடு கூடுவதற்கும் முன்னின்று உழைத்தார். சுவாமி விபுலாநந்தரோ நம் ஊரவராகவே எண்ணத்தக்கவர். திருகோணமலையில் இராமகிருட்டின சங்கத்துப் பாடசாலைகளை அவர் நடத்தினார். ஆங்கில நாடகப் புலவராகிய செகசிற்பியரைத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்து 'மதங்க சூளாமணி' எழுதியவரும் அவரே. இமயமலைச் சாரலிலிருந்து வெளிவந்த 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில ஏட்டின் ஆசிரியராயிருந்து, நம் சிந்தனைகளை ஆங்கிலம் அறிந்தோர்க்கு உணர்த்தியவரும் அவரே. பிறர் செல்வத்தை நம்மவர்க்கும், நம் செல்வத்தைப் பிறர்க்கும் கொண்டுசெல்லும் இருவழிப் பணி அது. பிறரைப் பற்றி அறிய விரும்பாதவன் தன்னைப் பற்றிப் பிறர்க்கு நன்கு சொல்லமாட்டான்.

இனி நம் ஊரிலே நிகழ்ந்த இரு கண்டெடுப்புக்களைக் கூறுவேன். 1950 ஆம் ஆண்டு, கோட்டைக்கு அண்மையிலே கிணறு வெட்டிய தொழிலாளர், மண்ணினுள்ளே தெய்வத் திருவுருவங்கள் சிலவற்றைக் கண்டனர். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பிகை முதலிய அச்செப்புத் திருமேனிகள், போர்த்துக்கேயர் வந்த காலத்திலே அடியார்களால் மறைத்து வைக்கப்பட்டவை எனக் கருதப்படுகின்றன. 1963 ஆம் ஆண்டு ஆலயம் புதுக்கப்பெற்றுக் குடமுழுக்குக் கண்டபோது, அத்திருவுருவங்கள் மீண்டும் வழிபாட்டுக்குரியன ஆயின. 1956 ஆம் ஆண்டு, ஆர்தர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும், அவர் நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடியிலே கடலினுட் குளித்து, செதுக்கப்பட்ட தூண்களும் கற்களும் நீரின் அடியிற் கிடக்கக் கண்டனர். மறுவருடம் கிளார்க் எழுதிய நூலினால் அச்செய்தி உலகெங்கும் பரவிற்று.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குக. கடலினுட் கண்டவர் பெயரை உலகம் அறியும், அவர்கள் எழுதினர். மண்ணினுட் கண்ட தொழிலாளரின் பெயரை நம்மவரே அறியார். கிளார்க்கும் வில்சனும் நமக்குச் செய்தது நன்றியோடு நினைக்கத்தக்க உதவியே. ஆனால் எழுதப்படாத கண்டெடுப்பு பாதி கண்டெடுப்பேயாகும். பிறநாட்டார் வந்து எழுதுவரென்று காத்திருக்கும் வழக்கத்தை நாம் விடுதல் வேண்டும்.

அங்ஙனமாயின் நாம் எவ்வாறு எழுதவேண்டும்? மூன்று நெறிகளை முன்வைக்கின்றேன்.

முதலாவது, கதையையும் வரலாற்றையும் வேறுபிரித்துக் கூறுதல். சுவாமி மலையின் மேலே ஒரு தூண் நிற்கின்றது. பழைய கோயிலின் தூணே அது என்பர். அதிலே 1687 ஆம் ஆண்டைக் குறித்து, பிரான்சினா வான் றீட் என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. காதலன் கைவிட்டுக் கப்பலேறியமையால் அவள் அம்மலையிலிருந்து கடலிற் பாய்ந்து மாண்டாள் என்று கதை சொல்வர். பயணிகளும் அதை விரும்பிக் கேட்பர். ஆனால் ஒல்லாந்தர் பதிவேடுகளை ஆராய்ந்தோர், அவள் பின்னர் மணஞ்செய்து வாழ்ந்தாள் என்று எழுதியுள்ளனர். கதையைக் கதையென்று சொல்லுவோம். அதனால் அதன் சுவை குறையாது. அதே நேர்மையை நமக்கும் நாம் காட்டுதல் வேண்டும். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டு மன்னன் கட்டினான் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் நூலும் ஊர் வழக்கும் கூறும். இரண்டாம் அக்கபோதி என்னும் மன்னன் கட்டினான் என்று சூளவம்சம் கூறும். ஒன்றை மறைத்து மற்றொன்றை மாத்திரம் சொல்வோமாயின், இரண்டையும் படித்த பிறநாட்டு அறிஞன் நாம் சொல்லும் உண்மைகளையும் ஐயுறுவான். இரண்டையும் கூறி, குளக்கோட்டன் என்னும் பெயர் மக்கள் உள்ளத்திலே ஏன் இத்துணைக் காலம் நிலைத்தது என்பதை விளக்குவதே பயன்தரும். குளம் அமைத்தவனையும் கோயில் அமைத்தவனையும் ஒருவனாகவே நினைவில் வைத்த சமூகம் அது. நீரும் வழிபாடும் அதற்கு வேறு வேறாகத் தோன்றவில்லை.

இரண்டாவது, பிறர்க்கு உரிய பங்கை மறையாது கூறுதல். மகாசேனன் என்னும் மன்னன் கோகண்ணத்திலே தேவாலயத்தை அழித்து விகாரை அமைத்தான் என்று மகாவம்சம் சொல்லுகின்றது. கோகண்ணம் என்பது திருகோணமலையே. இதனைச் சொல்லத்தான் வேண்டும். இதனைச் சொல்லும் வாயினாலேயே வேறொன்றையும் சொல்லவேண்டும். திருகோணமலைக்கு வடமேற்கே சில மைல் தூரத்திலே, பெரியகுளத்தின் அண்மையில், வெல்கம் விகாரை என்னும் பழைய பௌத்தப் பள்ளி உள்ளது. பதினோராம் நூற்றாண்டிலே, சோழராட்சியின்போது, அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் வழங்கிற்று. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுக்கள், தமிழர் அப்பள்ளிக்கு விளக்கும், பசுக்களும், காசும் வழங்கியமையைக் கூறுகின்றன. சைவப் பேரரசு ஆண்ட காலத்திலே, தமிழ்ப் பௌத்தர் தம் பள்ளியிலே விளக்கேற்றினர். அரசன் பெயரே அப்பள்ளிக்கு இடப்பட்டது. பிற்காலத்துத் தமிழ் மக்கள் அவ்விடத்தை நாதனார் கோயில் என்று அழைத்தனர். அழித்ததும் இந்நிலத்திலேயே நிகழ்ந்தது. காத்ததும் இந்நிலத்திலேயே நிகழ்ந்தது. ஒவ்வொரு கல்லையும் தமக்கே உரியதென வழக்காடும் இக்காலத்திலே, வெல்கம் விகாரைக் கல்வெட்டுக்களை ஒருமுறை படித்துப் பார்ப்பது எல்லார்க்கும் நன்று. பிறநாட்டார்க்குக் காட்டுவதற்கு அதனினும் சிறந்த ஏடு நம்மிடத்திலே வேறில்லை என்பது என் கருத்து.

மூன்றாவது, சொற்களைக் கவனமாகப் பெயர்த்தல். சிறியதோர் எடுத்துக்காட்டு. நம் குளத்தை ஆங்கிலத்திலே 'ராங்க்' என்று எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எண்ணெய்த் தாங்கியையும் ஆங்கிலம் அச்சொல்லாலேயே குறிக்கும். திருகோணமலை மாவட்டத்திலே இவ்விரண்டும் உள. நம் நாட்டை அறியாத ஒருவன், கந்தளாயிலே மன்னர் காலத்து 'ராங்க்' ஒன்று உண்டு என்று படிப்பானாயின், சீனன்குடாவிலுள்ளது போன்ற இரும்புப் பாத்திரம் ஒன்றையே மனத்திற் காண்பான். மலைகளுக்கிடையே அணைகட்டி, மாரி நீரைத் தேக்கி, மதகினூடாக வயலுக்கு விட்டு, ஊரொன்றையே வாழ்விக்கும் நீர்நிலை அது என்று சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை எழுதும் பொறுமையிலேதான் அறிமுகம் என்பது அமைந்துள்ளது. கோயில், திருவிழா, கடன் கழித்தல், நேர்த்தி என்னும் சொற்கள் யாவும் இத்தகையனவே. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லை வைத்து முடித்தோமென்று எண்ணுவோமாயின், கேட்பவன் தன் நாட்டுப் பொருளையே நம் பெயரால் அறிவான்.

நேயர்களே, இதுவரை பிறநாட்டார், பிறநாட்டார் என்று பேசி வந்தேன். அவர் யாவர் என்பதை இறுதியாகச் சிந்திக்க வேண்டும்.

முன்னாளிலே அவர் ஒல்லாந்து மாலுமியும் ஆங்கிலத் தளபதியுமாயிருந்தனர். 1983 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டுவரை இந்நாட்டிலே நிகழ்ந்த போரினால், திருகோணமலையிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் பல கடல் கடந்து சென்றன. இலண்டன், ரொறன்ரோ, பாரிசு, மெல்பேண் முதலிய நகரங்களிலே அவர்களுடைய மக்களும் மக்கள்தம் மக்களும் இன்று வளர்ந்திருக்கின்றனர். அப்பிள்ளைகளுட் பலர் தமிழ் கேட்டால் விளங்கிக்கொள்வர், படிக்க மாட்டார். பாட்டியார் தொலைபேசியிலே கோணேசர் தேரைப் பற்றிச் சொல்வார். தம்பலகாமத்துப் பொங்கலைப் பற்றிச் சொல்வார். பிள்ளை கேட்கும், பின்னர், அது எங்கே, எப்பொழுது, ஏன் என்று அறிய விரும்பிக் கணினியிலே தேடும். அங்கே அதற்குக் கிடைப்பன யாவை? துறைமுகத்தின் ஆழம், எண்ணெய்த் தாங்கிகளின் தொகை, கடற்கரை விடுதிகளின் வாடகை, காதலிற் பாய்ந்து மாண்டதாகச் சொல்லப்படும் ஒல்லாந்தப் பெண்ணின் கதை.

ஆகவே இன்று நாம் அறிமுகஞ் செய்யவேண்டிய பிறநாட்டார் நம் பேரப்பிள்ளைகளே. தன் குலத்தின் ஊரை, அவ்வூரை ஒருபோதும் விரும்பிக் காணாத மாலுமியின் கண்ணாலே அப்பிள்ளை காண்பது நமக்குத் தகுமோ? இக்கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு அரசுக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ மாத்திரம் உரியதன்று. பேராசிரியர் பத்மநாதன் போன்ற வரலாற்றறிஞர்கள் கல்வெட்டுக்களைப் படித்து அரிய நூல்களை எழுதியுள்ளனர். அவர்கள் நாட்டிய விளக்கிலிருந்து சிறு சுடர்களை ஏற்றுவது நம் கடன்.

பெரிய நூல் எழுத எல்லாராலும் இயலாது. ஆனால் ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதலாம். மூதூரிலே படிக்கும் பிள்ளைகள் மூதூரைப் பற்றி எழுதட்டும். கிண்ணியாவினர் கிண்ணியாவைப் பற்றியும், திரியாயினர் திரியாயைப் பற்றியும், கந்தளாயிலுள்ள சிங்களப் பிள்ளைகள் கந்தளாயைப் பற்றியும் எழுதட்டும். கிணறு, குளம், கோயில், பள்ளிவாசல், விகாரை, கல்லறை, மரம் ஆகியவற்றின் பெயரும், இடமும், அவற்றைப் பற்றி மூத்தோர் சொல்வதும், கல்வெட்டுச் சொல்வதும் தனித்தனியே குறிக்கப்படட்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அவற்றை ஒன்றாகத் தொகுப்போமாயின், போர்த்துக்கேயரும் நொக்ஸும் ஆங்கிலத் தளபதிகளும் எழுதாத திருகோணமலை, அவ்வூரவர் கையெழுத்திலேயே உலகத்தின் முன் வரும். மூத்தோர் இருக்கும்போதே இதனைத் தொடங்குதல் வேண்டும். கல் காத்திருக்கும், அவர்கள் காத்திரார்.